ஆரோக்கியநாதன் பெயரை நான் அடித்த நாள்

காலை பதினொன்றே கால் மணிக்கு ஆக்னஸ் அக்கா பட்டியலோடு என் மேசை முன் வந்து நின்றார்.

"ஆரோக்கியநாதன் பேரு ஏன் அடிச்சிருக்கு?"

"அவரு இறந்துட்டாருக்கா."

"யாரு சொன்னது? நேத்து பூசையில எனக்கு முன்னாடிதான் உக்காந்திருந்தாரு. பாட்டு வேற சத்தமா பாடுனாரு."

பத்திரிகை வேலையை விட்டு, முன்னாள் ராணுவத்தினர் சங்கத்தில் சேர்ந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. அக்கா அங்கே சமூகப் பணியாளர். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களைப் புதுச்சேரியில் சொல்தா என்பார்கள். ஆரோக்கியநாதன், அல்ஜீரியாவில் ஒரு காலை இழந்த சொல்தா. செயற்கைக் கால் உடைந்துபோய், போன ஜூலை பதினாலாம் தேதி, பிரெஞ்சு தேசிய நாள் அணிவகுப்பில் அவரை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். அந்தக் கோபம் அவருக்குத் தணியவே இல்லை. அன்று சங்கத்தில் கால் அளவெடுக்கும் முகாம். பிரான்சிலிருந்து வந்த டெக்னீஷியன் பன்னிரண்டுக்குக் கிளம்பிவிடுவார். மறுபடி அடுத்த வருடம்தான்.

முகாமுக்கான பட்டியலைச் சரிபார்க்க வீடு வீடாகப் போனவன் நான். நெல்லித்தோப்பில் அவர் வீடு பூட்டியிருந்தது. ஜன்னல் வழியே பார்த்தேன். ராணுவ உடையில் ஒரு படம், அதற்கு மாலை, கீழே மெழுகுவத்தி. பெயரை அடித்துவிட்டேன்.

"அது அவரு அண்ணன். இந்தோசீனாவுலயே போயிட்டாரு" என்றார் அக்கா. திட்டவில்லை. கழுத்துச் சிலுவையைத் தொட்டுக்கொண்டு ஸ்கூட்டர் சாவியை எடுத்தார். "சைக்கிள எடு. ஜெபமும் பண்ணிக்க. ரெண்டும் வேணும்."

நாங்கள் நெல்லித்தோப்பு போனபோது ஆரோக்கியநாதன் பாதி முகச்சவரத்தில் இருந்தார்.

"நான் செத்துட்டனா? எப்ப?"

"போன வாரம். இந்தத் தம்பிதான் சாவடிச்சான். ஏறுங்க."

"ஊருக்கே சொல்லிட்டியா, இல்ல ஆபீசோட நிக்குதா?" என்று என்னைக் கேட்டபடி, பாதி நுரையோடு ஸ்கூட்டரில் ஏறினார். ஊன்றுகோல்களை ஹேண்டில்பாரில் கட்டிக்கொண்டு நான் பின்னால் மிதித்தேன். முன்னே அக்காவின் குரல் கேட்டது: "அருள் நிறைந்த மரியே..." நடுவில் ஒரு பஸ் டிரைவரைத் திட்டினார். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

நான் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம். டெக்னீஷியன் பெட்டியைப் பூட்டியிருந்தார். வெளியே கார் தயார். பட்டியலில் அடித்த கோட்டை விரலால் காட்டினார். மூச்சு வாங்க, "தப்பு என்னோடது. நான் ஆளப் பாக்கல" என்றேன். அக்கா அதை அப்படியே பிரெஞ்சில் சொன்னார். ஒரு சொல்லையும் மென்மையாக்கவில்லை.

ஆரோக்கியநாதன் தூணில் தோளைச் சாய்த்து, ஒற்றைக் காலில் நிமிர்ந்து சல்யூட் வைத்தார். தன் ராணுவ எண்ணைப் பிரெஞ்சில் உரக்கச் சொன்னார். டெக்னீஷியன் கடிகாரத்தைப் பார்த்தார், பெட்டியைத் திறந்தார். கால் அச்செடுக்கும் மாவைக் குழைக்கத் தண்ணீர் கேட்டார். வாளியோடு நான் ஓடிய ஓட்டத்தில் பாதி தரையில் சிந்தியது.

சாயங்காலம் அக்கா சொன்னதுதான் எனக்குக் கிடைத்த ஒரே பயிற்சி: "போனதும் மொதல்ல அவங்க கையப் புடி. கர்த்தர ஒரு நிமிஷம் நெனச்சுக்க. அப்புறம் நோட்டத் தெற." அக்கா இன்று இல்லை. கடைசி வரை அவர் அப்படித்தான் செய்தார். எனக்கு அவர் அளவு விசுவாசம் வரவில்லை. ஆனால் ஓய்வு பெறும்வரை, கையைப் பிடிக்காமல் யாரைப் பற்றியும் ஒரு வரி எழுதியதில்லை.

அந்த வருடம் ஜூலை பதினாலில் கடற்கரைச் சாலையில் சொல்தாக்கள் வரிசையாக வந்தார்கள். மூன்றாவது ஆள் ஆரோக்கியநாதன். புதுக் கால் கொஞ்சம் இழுத்தது, ஆனால் தாளம் தப்பவில்லை. எங்களைக் கடக்கும்போது தலையைத் திருப்பாமல், "நல்லா பாத்துக்க தம்பி" என்றார்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு என் விலாவில் இடித்தார்.

"பாத்துட்டல்ல? இப்ப எழுது."