டீச்சர் தலைக்கு வந்த வேண்டுதல்

திருத்தணி மலையடிவாரத்துத் தொடக்கப்பள்ளியில் கோமளவல்லிக்கு டீச்சர் வேலை கிடைத்தபோது வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். முதல் சம்பளம் வந்ததும் அவள் புருஷன் கோதண்டபாணி அதில் தனக்கு ஒரு டிரான்சிஸ்டர் வாங்கிக்கொண்டான். இவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று அவனுக்குத் தோன்றவும் இல்லை. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, ஒரு ரேடியோவுக்காகவா சண்டை போடுவது என்று அவளும் விட்டுவிட்டாள்.

அடுத்த மாதம் சோறு போட்டுக்கொண்டே மாமியார் தாயாரம்மாள் சொன்னாள். "வர்ற கிருத்திகைக்கு மலைக்குப் போவணும்மா. வேல கெடச்சா ஒனக்கு மொட்ட போடறேன்னு வேண்டிக்கினேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அத்தை."

"சாமிகிட்ட வேண்டிக்கிறதுக்கு ஒன் உத்தரவு வேணுமா?"

கோமளவல்லி தட்டைத் தள்ளி வைத்தாள். இடுப்புக்குக் கீழே தொங்கும் முடி அது. ராத்திரி பகலாகப் படித்து, பரீட்சை எழுதி அவள் வாங்கிய வேலை. அதற்கு நன்றிக்கடனை அவள் தலையிலேயே வழித்துக் கொடுக்க இவர்கள் யார்? புருஷனைப் பார்த்தாள். அவன் டிரான்சிஸ்டரைத் திருகிக்கொண்டே, "அம்மா வேண்டிக்கினாங்க, செய்யலன்னா சாமி குத்தமாயிடும். முடிதானே, வளந்துடும்" என்றான்.

அந்த வாரமே மூன்றாம் வகுப்பு அம்சா தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். பின்னாலிருந்த பையன் துண்டை உருவினான். உள்ளே சந்தனம் பூசிய மொட்டைத் தலை. வகுப்பே கூச்சல் போட்டது. அந்த ஊரில் மொட்டைக்கு என்ன பஞ்சம்? மலையிலிருந்து இறங்கும் பஸ் நிறைய அதுதான். ஆனால் வெளியூர் மொட்டைகள் வெளியூருக்குப் போய்விடும். அம்சா நாளைக்கும் இதே பையன்கள் நடுவில் உட்கார்ந்தாக வேண்டும்.

பையன் காதைத் திருகிவிட்டு, "எதுக்குடி மொட்டை?" என்று கேட்டாள் கோமளவல்லி.

"தம்பிக்கு ஜொரம் டீச்சர். வுட்டுடுச்சுன்னா எனக்கு மொட்ட போடறேன்னு நைனா வேண்டிக்கினாரு."

"நைனா போட்டுக்கலியா?"

"அவரு லுங்கி விக்க ஊர் ஊரா போவணும். மொட்டையா போனா சிரிப்பாங்களாம்."

அம்சா அதை நியாயம் என்று நம்பியே சொன்னாள். கேட்டவளுக்குத்தான் உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. தம்பிக்குக் காய்ச்சல், அப்பனுக்குப் பக்தி, மொட்டை மட்டும் இவளுக்கு. ஊர் சிரித்தால் வளர்ந்த ஆம்பளைக்கு வலிக்குமாம், எட்டு வயதுப் பிள்ளைக்கு வலிக்காதாம்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கோதண்டபாணியிடம், "அந்த மொட்டைய நீங்க போட்டுக்குங்களேன்" என்றாள்.

"ஆபீஸ்ல சிரிப்பாங்க."

"என் கிளாஸ்ல சிரிக்க மாட்டாங்களா?"

அவன் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினான்.

கிருத்திகையன்று மலைமேல் முடி இறக்கும் இடத்தில் நல்ல கூட்டம். தாயாரம்மாள் மருமகளை முன்னே தள்ளினாள். கோமளவல்லி நகரவில்லை.

"நான் உக்கார மாட்டேன் அத்தை."

கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தவர் இரக்கப்பட்டு, "பூமுடி குடுத்துடும்மா. ஒரு கொத்து போதும், மொட்ட வேணாம்" என்றார்.

"ஒரு கொத்தும் தர மாட்டேங்க. சாமிமேல எனக்குக் கோவம் இல்ல. எனக்கு வேணும்னா நானே வேண்டிக்குவேன், நானே குடுப்பேன். என் தலைய அடுத்தவங்க அடகு வெக்க வேணாம்."

அக்கம்பக்கத்தில் திரும்பிப் பார்த்தார்கள். "மானத்த வாங்காத, உக்காரு" என்று கோதண்டபாணி தோளை அழுத்தினான். அவள் அந்தக் கையை எடுத்து அப்பால் விட்டாள்.

தாயாரம்மாளின் முகம் வெளுத்துவிட்டது. அவளுக்கு மருமகளிடம் பயமில்லை, சாமியிடம் மெய்யாகவே பயம். சந்நிதிப் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்டாள். பிறகு, "வேண்டின வாய் என்னுது" என்று சொல்லிக் கொண்டையை அவிழ்த்துவிட்டுத் தானே உட்கார்ந்தாள்.

கோமளவல்லி இதை எதிர்பார்க்கவில்லை. ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள். "வேணாம் அத்தை, எழுந்திருங்க."

"சும்மா இரு."

நரைத்த முடி கொத்துக் கொத்தாக விழுந்தது. பாதித் தலை ஆனபோது தாயாரம்மாள் நிமிர்ந்து மகனைப் பார்த்தாள். அவன் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, படிய வாரிய கிராப்பைத் தடவியபடி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீ என்னடா நின்னுகினு இருக்கே? அவ சம்பளம் வந்ததும் மொதல்ல ரேடியோ வாங்கினவன் நீதானே. பக்கத்துல உக்காரு."

"அம்மா, ஆபீஸ்ல..."

"முடிதானேடா. வளந்துடும்."

மறுநாள் காலை கோமளவல்லியைச் சைக்கிளில் கொண்டுவந்த கோதண்டபாணி தெருமுனையிலேயே நிறுத்தப் பார்த்தான். "தினமும்போல பள்ளிக்கூடத்து வாசல்வரைக்கும் வாங்க" என்றாள். வந்தான். பையன்கள் மொட்டை மொட்டை என்று கூவினார்கள். அம்சா அவன் தலையைப் பார்த்தாள். பிறகு தன் தலைத்துண்டை அவிழ்த்து மடியில் போட்டுக்கொண்டு அவளும் சிரித்தாள்.

கோமளவல்லி அன்றைக்கு யாரையும் அதட்டவில்லை.