விழாத வளைவு

எங்கள் ரயில் நிலையத்துக்கு நூற்றுப் பத்து வயது. முகப்பில் மூன்று செங்கல் வளைவுகள், நடுவில் இருப்பதுதான் பெரியது. அதன் தலைக்கு மேல் கடிகாரத்துக்கென்று வட்டமாக ஓர் ஓட்டை விட்டார்கள். கடிகாரம் இன்னும் வந்து சேரவில்லை, ரயிலில்தான் அனுப்பியிருப்பார்கள். அது கிடக்கட்டும். நான் சொல்ல வந்தது அந்த நடு வளைவைக் கட்டிய கொத்தனாரைப் பற்றி. அவர் இன்னும் உயிரோடு இருக்கிறார்.

இருபது வருடத்துக்கு முன் வளைவில் பழுது பார்த்தார்கள். மேலதிகாரிகள் பார்வையிட வருகிறார்களென்று, சுண்ணாம்புச் சாந்து இறுகுமுன்பே முட்டுக்கட்டைகளை எடுக்கச் சொன்னார் இன்ஜினியர். கொத்தனார் வேண்டாமென்று தலைப்பாடாக அடித்துக்கொண்டார். யார் கேட்டது? வளைவு மொத்தமும் இறங்கிவிட்டது. அடியில் நின்றவர் கொத்தனாருடைய தங்கையின் கணவர். அங்கேயே உயிர் போய்விட்டது.

'குடிபோதையில் சாரத்திலிருந்து தவறி விழுந்தார்' என்று இன்ஜினியர் எழுதினார். வளைவு விழுந்ததாக ஒரு வரி கிடையாது. இறந்தவரோ டீயைத் தவிர எதையும் குடித்தறியாத மனிதர். படுபாவி, அப்படி எழுத எப்படித்தான் கை வந்ததோ!

"பெரியவங்க வர்றதுக்குள்ள பழையபடி நிறுத்திடு. உன் தங்கச்சிக்கு வேலை வாங்கித் தர்றேன்" என்றார் இன்ஜினியர், கொத்தனாரிடம்.

கொத்தனார் நம்பினார். வளைவுச் செங்கல் ஒவ்வொன்றும் ஆப்பு மாதிரி தனித்தனியாகச் செதுக்கியது. ஒவ்வொன்றையும் கழுவி, சாக்பீஸால் எண் போட்டு, இருந்த இடத்திலேயே வைத்தார். உடைந்தவற்றுக்குப் பதில், அதே காலத்தில் கட்டிய பழைய விளக்கு அறையிலிருந்து செங்கல் உருவினார். வந்தவர்கள் பார்த்துவிட்டுப் போனார்கள். இன்ஜினியரும் மாற்றலாகிப் போனார். வேலையாவது ஒன்றாவது! தங்கைக்கு மிஞ்சியது 'குடிகாரன் பெண்டாட்டி' என்ற பெயர்தான்.

போன மாதம் பழைய கட்டடங்களை ஆராயும் அம்மா ஒருவர், நிலையத்தின் வரலாற்றை எழுத வந்தார். கொத்தனார் தங்கையைக் கூட்டிக்கொண்டு போய் எல்லாவற்றையும் சொன்னார்.

"வேலை, பணம் எதுவும் வேண்டாம்மா. அவர் குடிச்சிட்டு சாகலைன்னு மட்டும் எழுதுங்க" என்றாள் தங்கை.

"வளைவு விழுந்ததுக்கு ஏதாவது அடையாளம் இருந்தா கண்டிப்பா எழுதறேன்" என்றார் அந்த அம்மா. நல்ல மனுஷிதான். ஏணி போட்டு ஏறி, பூதக்கண்ணாடியோடு அரை நாள் ஒவ்வொரு இணைப்பாகத் தேடினார். இறங்கி வந்தபோது அவருக்கே முகம் வாடியிருந்தது.

"இது பிரிச்சுக் கட்டினதுன்னு யாருமே நம்ப மாட்டாங்க. சாந்து, செங்கல், அளவு எதுலயும் ஒரு வித்தியாசம் இல்லை. ரெக்கார்டுலயும் இல்லை. நான் எதை வெச்சு எழுதறது?"

இந்த வாரம் வாசலில் பலகை மாட்டிவிட்டார்கள்: 'கட்டிய நாள் முதல் சிறு சேதமும் இன்றி நிற்கும் வளைவு.' தங்கை அதை எழுத்துக் கூட்டிப் படித்தாள். பிறகு அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"ஒரு கல்லையாவது கோணலா வெச்சிருக்கக் கூடாதா அண்ணா?"