விட்டுவிட்டுப் போன இடம்

மண்டைக்காட்டுப் பகவதி கோவிலில், தலை நோய் தீர மண்டையப்பம் படைக்கும் வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் அவர். நின்றார் என்பது மரியாதைக்குச் சொல்வது. கையில் இரண்டு செல்போன். ஒன்றைப் பார்ப்பார், உடனே மற்றதைப் பார்ப்பார். நடுவில் பைக்கைப் பார்த்துவரப் போவார், டீ குடிக்கப் போவார். அவருடைய சின்ன மகளோ தரையில் குத்தவைத்து, எறும்புகள் போவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பிள்ளைக்கு ஒரு எடத்துல இருப்பு கொள்ளாது, பாத்துக்கிடுங்க அண்ணாச்சி. ஏடிஎச்டின்னு டீச்சர் சொல்லிட்டா. டாக்டர்ட்ட கேட்டா, சுபாவமா, இல்ல தீனமா, அதாவது சீக்கான்னு கொஞ்சநாள் கூட இருந்து கவனிச்சாத்தான் தெரியுமாம்."

"கவனிச்சீங்களா?"

"அதுக்கெல்லாம் யாருக்குப் பொறுமை இருக்கு?"

சொல்லி முடிப்பதற்குள் போன் அடித்தது. அப்பத்தை மகள் கையில் திணித்துவிட்டு வெளியே போனார்.

வரிசை நகர்ந்தது. மகளும் அப்பத்தை நெஞ்சோடு அணைத்தபடி, யாரையும் இடிக்காமல் சன்னதி வரை வந்துவிட்டாள். அப்போதுதான் அவர் மூச்சு வாங்க ஓடிவந்தார்.

"விட்டுட்டுப் போன எடத்துல நிக்க மாட்டியா மக்ளே? பாத்தீங்களா அண்ணாச்சி, இதான் தீனம்!"

அந்த அப்பத்தை யார் தலைக்கென்று பகவதி வாங்கிக்கொண்டாளோ, இன்றைக்கும் எனக்குத் தெரியாது.