கடலுக்கு உப்புக் கொண்டுபோன குடும்பம்

மில்லர்புரத்துக்குக் குடிவந்த மூன்றாம் நாள் கடைக்காரரிடம் போய், "பஸ் ஸ்டாண்டு மேலயா, கீழயா?" என்று கேட்டேன். அவர் வானத்தைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். "நேரா கிழக்க போங்க அண்ணாச்சி" என்றார், ஒரு நோயாளியிடம் பேசுகிற பதமான குரலில். தப்பு என்னுடையதுதான். இலங்கையில் அட்டன் பக்கத்துத் தேயிலை மலையில் நாற்பது வருஷம் குடியிருந்தவனுக்கு உலகத்தில் இரண்டே திசைதான், மேடும் பள்ளமும். தூத்துக்குடியிலோ மேடு என்று ஒன்றைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால், உப்பளத்தில் குவித்து வைத்திருக்கும் உப்பைத்தான் போய்ப் பார்க்க வேண்டும்.

அங்கே இன்னும் இந்தியா வரக் காகிதத்துக்குக் காத்திருக்கிற சொந்தங்களுக்கும், கூடலூர்ப் பக்கம் மறுபடியும் ஒரு மலையைப் பிடித்துக்கொண்ட அதிர்ஷ்டசாலிகளுக்கும் இதை எழுதுகிறேன். இரண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தப்படி எனக்கு நூல் மில்லில் வேலை கொடுத்து இந்தச் சமவெளியில் இறக்கிவிட்டார்கள். வேலையில் குறையில்லை. கடல்தான் பிரச்சினை. தலைமன்னாரில் கப்பல் ஏறியதிலிருந்து இராமேசுவரத்தில் இறங்கும் வரை நான் தகரப் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணை மூடியபடியே உட்கார்ந்திருந்தேன். என் மனைவி சரோஜா பிள்ளைகளிடம், "அப்பா சாமி கும்பிடுறாங்க" என்று சொல்லி என் மானத்தைக் காப்பாற்றினாள். என் பயத்துக்கும் ஒரு நியாயம் உண்டு. மலையில் தண்ணீர் ஒழுங்கானது. கீழே போனால் போனதுதான். இங்கே போன தண்ணீர் திரும்பி வருகிறது! திரும்பி வருகிற தண்ணீருக்குப் பக்கத்தில் மனுஷன் எப்படி நிம்மதியாகச் சோறு தின்பது?

என் மகள் மலருக்கு ஒன்பது வயது. தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் இருந்தபோது அவள் பேசினால் பத்து வீட்டுக்குக் கேட்கும். இங்கே பள்ளிக்கூடத்தில் முதல் நாள் வாயைத் திறந்தாள்; அவள் இழுத்துப் பேசுவதைக் கேட்டு வகுப்பே சிரித்தது. அன்றோடு சரி. வீட்டுக்குள் பேசுவாள், வாசலைத் தாண்டினால் வாய் பூட்டிக்கொள்ளும். நாலு மாதம் இப்படியே போனது. டீச்சர் என்னைக் கூப்பிட்டு, பிள்ளைக்குப் பிறவியிலேயே பேச்சு வராதா என்று கேட்டார். நான் வழக்கம்போல, "அவ பங்கையும் சேத்து அவங்க அம்மாவே பேசிடுறாங்க டீச்சர்" என்று சிரித்துவிட்டு வந்தேன். வீட்டுக்குப் போகாமல் நேராக ஒரு நாட்டு வைத்தியரைத் தேடிப் போனேன்.

பக்கத்து வீட்டுப் பிலோமியின் வீட்டுக்காரர் சங்கு குளிக்கப் போகிறவர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பிலோமி தன் பிள்ளைகளையும் தெருப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போவாள். ஒருநாள் வேலிக்கு மேலே தலையை நீட்டி, "ஏளா மலரு, நீயும் வாரியா?" என்றாள். மலர் என்னைப் பார்த்தாள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றேன். அடுத்த ஞாயிறும் காய்ச்சல். மூன்றாவது ஞாயிறு எனக்கே காய்ச்சல். நாலாவது ஞாயிறு வாயைத் திறப்பதற்குள் சரோஜா முந்திக்கொண்டாள். "புள்ள வாய் தொறக்கலன்னு ஊரெல்லாம் மருந்து தேடுறீங்க. கதவ அடைச்சுக்கிட்டு நிக்கிறது நீங்கதான்."

போனால் குடும்பத்தோடு போவது என்று முடிவானது. இனி என் கை செய்த வேலையைக் கேளுங்கள். மலைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மழைக்காலத்தில் புல்லில் கால் வைக்குமுன் நாம் என்ன செய்வோம்? அட்டை ஏறாமல் இருக்கக் காலில் சோப்பை அப்புவோம், ஒரு குச்சி நுனியில் துணியில் உப்பு முடிந்து எடுத்துக்கொள்வோம். அதையேதான் செய்தேன். பிள்ளைகள் இரண்டு பேருக்கும் பாதத்திலிருந்து தொடைவரை சிவப்புச் சோப்பு. குச்சியில் உப்பு முடிச்சு. போதாதென்று சட்டைப்பையில் இரண்டு கைப்பிடி. சின்னவன் கண்ணனைத் துணிகாயப் போடும் கயிற்றால் என் இடுப்போடு கட்டினேன். பிலோமி என்னை மேலும் கீழும் பார்த்தாள். உதட்டை மட்டும் கடித்துக்கொண்டாள்.

அந்தக் கரையைப் பார்த்ததும், சத்தியமாகச் சொல்கிறேன், பயத்தைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டேன். தண்ணீர் வற்றி, தரை ஈரமாகப் பளபளத்துக் கிடந்தது. கல்லுக்குக் கல் ஒரு குட்டை, குட்டைக்குக் குட்டை ஒரு ஊர். பிலோமி பிள்ளைகளை நிறுத்திச் சட்டம் சொன்னாள். "கல்லப் பொரட்டுனா பாத்துட்டு அதே மாதிரி திருப்பி வச்சிரணும், அது அதுங்க வீட்டுக் கூரை. சிப்பிக்குள்ள ஆளு இருக்கான்னு பாக்காமத் தொடக்கூடாது. ஒண்ணையும் வீட்டுக்குக் கொண்டாரக் கூடாது. பாத்தத வாயால சொல்லணும், நெறைய சொல்லுதவ ஜெயிச்சா." குட்டிச் சங்கைப் பிள்ளைகள் பொறுக்கிவிட்டால் நாளைக்குத் தன் வீட்டுக்காரர் எதை எடுப்பார் என்று சரோஜாவிடம் தனியாகக் கேட்டாளாம்.

வாயால சொல்லணும் என்றதும் மலரைத் திருப்பிக் கூட்டிப் போய்விடலாமா என்று பார்த்தேன். மலரோ ஏற்கெனவே குனிந்துவிட்டாள். ஐந்து கால் நட்சத்திர மீன், பக்கவாட்டில் ஓடுகிற நண்டு, யாரோ காலி செய்த சங்குக்குள் புதிதாகக் குடியேறிய இன்னொரு நண்டு. அதற்கும் எந்த இரண்டு அரசாங்கம் ஒப்பந்தம் போட்டதோ! கண்ணன் இழுத்த இழுப்பில் நானும் குட்டை குட்டையாக ஓடினேன். நாற்பத்தாறு வயதில் ஒரு மீன் குஞ்சைப் பார்த்துக் கைதட்டினேன்.

அப்போதுதான் மலர் ஒரு கல்லடியிலிருந்து இரண்டு கையாலும் எதையோ தூக்கினாள். கறுப்பு. என் முன்னங்கை மொத்தம். நெளிகிறது. நாற்பது வருஷமாக என் இரத்தத்தைக் குடித்த அத்தனை அட்டைகளுக்கும் தாத்தா! நான் யோசிக்கவில்லை. பாய்ந்துபோய் முடிச்சை வீசினேன், பையிலிருந்த உப்பையும் வாரி இறைத்தேன். ஒரு உப்புக் கல்லுகூட அதன்மேல் படவில்லை, எல்லாம் தண்ணீரில் விழுந்தது. அது அமைதியாக என் முகத்தில் ஒரு பீச்சு பீச்சியது. நான் மல்லாக்க விழுந்தேன். கயிற்றோடு கண்ணனும் என்மேல் விழுந்தான். கண், காது, மூக்கு எல்லாம் கடல். என் வாயிலிருந்து வந்ததோ சிங்களம். "பேரகன்ன! பேரகன்ன!" காப்பாற்றுங்கள் என்று அர்த்தம். அங்கே இருந்தவரை என்னை இந்தியாக்காரன் என்றார்கள். இந்தியாவில் மூழ்கும்போது எனக்கு அந்த ஊர்ப் பேச்சுதான் வருகிறது.

"எந்திச்சி நில்லுங்க அண்ணாச்சி, முட்டளவு தண்ணிதான்" என்றாள் பிலோமி. நின்றேன். முட்டளவுகூட இல்லை. அவள் அதற்குமேல் அடக்க முடியாமல், "கடல்ல உப்பு கொறஞ்சு போச்சுன்னா கொண்டாந்தீய?" என்று கேட்டுவிட்டு மணலில் உட்கார்ந்து சிரித்தாள். அது கடலட்டையாம். மண்ணைத் தின்று மண்ணைத் துப்புகிற பிராணியாம், யாரையும் கடிக்காதாம். மலர் அதைக் கல்லடியில் வைத்து, கல்லை இருந்தபடியே திருப்பி வைத்தாள். எனக்கு முன்னால் அதைத்தான் அவள் தேற்றினாள்.

மணலில் வட்டமாக உட்கார்ந்து பந்தயம் தொடங்கியது. பிலோமியின் மகள் ஜெசி பதினொன்று சொன்னாள். மலரின் முறை வந்தது. எழுந்து நின்றாள். பிறகு மெதுவாக, "நட்சத்திர மீனு ஒண்ணு பாத்தேங்க. அதுக்கு ஒரு காலு பாதிதான் இருந்திச்சிங்க" என்றாள். நம்ம ஊர் இழுப்பு அப்படியே இருந்தது. ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். மலரின் வாய் மூடிக்கொண்டது. நான் இடுப்புக் கயிற்றை இறுகப் பிடித்தேன். கடலுக்குப் பயந்ததெல்லாம் ஒரு பயமா? அந்த நிமிஷத்துப் பயம்தான் பயம்.

மலர் திரும்பி, சொட்டச் சொட்ட நின்ற என்னைப் பார்த்தாள். அவள் கன்னம் துடித்தது. அழப்போகிறாள் என்று நினைத்தேன்.

"அப்புறம்," என்றாள், "எங்கப்பா கடலுக்கு உப்புப் போட்டாங்க."

சொல்லி முடிக்குமுன் அவளே முதலில் சிரித்துவிட்டாள். கூட்டமே உருண்டது. இனி அவளைப் பிடிக்க ஆளில்லை. நான் பாய்ந்தது, வீசியது, மல்லாக்க விழுந்தது எல்லாவற்றையும் நடித்துக் காட்டினாள். பேரகன்ன என்றால் என்ன என்று கேட்டவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தாள். பத்துப் பிள்ளைகள் கடலைப் பார்த்துப் பேரகன்ன என்று கத்தினார்கள். பதினேழு கண்டதாகக் கணக்கு வந்தது; அதில் நாலு நான்தான். ஜெசி அவள் தோளில் கைபோட்டு, "ஏளா, இம்புட்டு பேசுவியா நீ? நாளைக்கு வகுப்புல எம் பக்கத்துல வந்து இரி" என்றாள்.

ஆகையால் பிள்ளை குட்டி உள்ளவர்களே, ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கிடக்காதீர்கள். கடல் இருந்தால் கடல், ஓடை இருந்தால் ஓடை. கல்லைப் புரட்டுங்கள், பாருங்கள், திருப்பி வையுங்கள், வாய் வலிக்கப் பேசிக்கொண்டே வீடு திரும்புங்கள். யாருக்கும் நஷ்டமில்லை, அப்பாவுக்கு மட்டும் கொஞ்சம் மானம் போகும்.

திரும்பும் வழியில் வெயிலில் பிள்ளைகளின் கால்கள் காய்ந்தன. முழங்காலுக்குக் கீழே கடலுப்பு வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. மேலே நான் அப்பிய சோப்பு தோலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கிடந்தது. முன்னால் வந்து சேர்ந்த சரோஜா வீட்டு வாசலில் குடத்துத் தண்ணீரோடு நின்று, காலை நீட்டச் சொன்னாள். மலர் குனிந்து தன் காலையே பார்த்தாள், உப்பும் சோப்பும் சந்திக்கிற அந்தக் கோட்டை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தாள்.

"இப்ப வேணாம்மா," என்றாள். "கொஞ்ச நேரம் ரெண்டும் இருக்கட்டும்."