வட்டம் பார்க்கும் கருப்பசாமி

சரோஜினி நகர் பாத்திரக் கடையில் ஓர் எவர்சில்வர் குண்டானின் வாய்மீது ஸ்கேலை நாலு திசையிலும் மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கிறார் கருப்பசாமி. இது ஏழாவது குண்டான். "ஜல்தி கரோ, பாபுஜி" என்று சீக்கிரம் முடிக்கச் சொல்லிக் கடைக்காரர் கெஞ்சுகிறார். "வாய் கோணுதே, பையா" என்று இவர் தமிழிலேயே பதில் சொல்கிறார். சோறு பொங்குகிற பாத்திரம் ஓர் இழை கோணினால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்டுப் பாருங்கள், சிரிப்பார். எட்டாவதை எடுக்கச் சொல்வார்.

அவரைக் குறை சொல்லியும் பயனில்லை. பத்து மணி முதல் ஐந்து மணி வரை அவருக்கு அதுதான் உத்தியோகம். பம்பாயில் கட்டுகிற நீர்மூழ்கிக் கப்பலின் உடல் வட்டமாக இருக்கிறதா என்று தில்லியில் ஒரு மேஜையின் முன் உட்கார்ந்து பார்க்கிறார். கடலே இல்லாத ஊரில் இது என்ன வேலை என்று கேட்காதீர்கள். கடலுக்கான காகிதங்களெல்லாம் இந்த ஊரில்தான் இருக்கின்றன. கனத்த இரும்புத் தகட்டை வளைத்து வளையமாக்கி, உள்ளே விலா எலும்பு மாதிரி சட்டங்களை வைத்துப் பற்றவைப்பார்கள். ஒவ்வொரு வளையத்தையும் சுற்றி முப்பத்தாறு இடங்களில் அளந்து, அந்த எண்களை அனுப்புவார்கள். கருப்பசாமி அவற்றை டிரேசிங் தாளில் புள்ளி புள்ளியாக வைத்துச் சேர்த்துப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். கப்பலை அவர் கண்ணால் கண்டதில்லை.

வீட்டிலும் மனிதர் அப்படித்தான். மனைவி ராஜம் சுட்ட தோசையைத் தட்டோடு ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் பிய்ப்பார். இன்னொரு விசித்திரமும் உண்டு. "ஒண்ணும் ஆகாது" என்ற வார்த்தை அவர் வாயில் வராது. மகள் வத்சலாவுக்கு டைபாய்டு வந்து கிடந்தபோதுகூட, "இப்ப நூத்தியொண்ணு. காலையில நூத்திமூணு இருந்துச்சு" என்றுதான் சொன்னார். ஆறுதல் சொல்லத் தெரியாத மனிதர் என்று லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸ் முழுக்கப் பெயர். பாவம், அளக்காததை எப்படிச் சொல்வார்?

அந்த வத்சலாவுக்குத்தான் போன மாதம் வரன் வந்தது. மாப்பிள்ளை ராஜசேகரன் விருதுநகர்ப் பையன். கடற்படையில் நீர்மூழ்கிக் கப்பலில் இயந்திரப் பிரிவு. ஜாதகம் பொருந்தியது. பையனும் பெண்ணும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்ததும் பொருந்தியது. காபியோடு நிறுத்தியிருக்கலாம். வருங்கால மாமியாரை அசத்திவிடும் ஆசையில் பையன் தன் வேலையைப் பற்றிப் பேசத் தொடங்கினான்.

"தண்ணிக்கு மேல நிக்கும்போது கப்பலுக்குள்ள இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் ஒரு நூலை விறைப்பா கட்டிருவோம், அத்தை. கப்பல் ஆழத்துக்கு இறங்க இறங்க நூல் தானா தொஞ்சு தொங்கும். தண்ணி அழுத்துற அழுத்துல கப்பலே சுருங்குதுல்லா!"

ராஜத்தின் முகத்தில் ஈயாடவில்லை. மாப்பிள்ளை வீட்டார் போனதும் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள்: "இந்த இடம் வேண்டாம். இரும்பே சுருங்குதுன்னு சிரிச்சிக்கிட்டுல்லா சொல்லுதான் அந்தப் பையன்? எம் புள்ள தாலிய நூல்லயா தொங்கவிடப் போறீய?"

மூன்று வாரம் வீட்டில் பேச்சு குறைந்தது. வத்சலா அப்பாவை மட்டும் தனியே பிடித்து, "அம்மாவ சமாளிங்களேன், அப்பா. எனக்கு அவர் அச்சா லக்தா ஹை" என்றாள். பிடித்திருக்கிறது என்று தமிழில் சொல்ல வெட்கமாக இருந்தால் அவளுக்கு ஹிந்தி வந்துவிடும். அன்று அவர் அலுவலகத்துக்குப் பேனாவை மறந்துவிட்டுப் போனார்.

நேற்று மாப்பிள்ளை வீட்டிலிருந்து பதில் கேட்டுக் கடிதம் வந்தது. சமையலறை வாசலில் நின்று அதைப் படித்துக் காட்டினார். ராஜம் அடுப்பை அணைத்தாள்.

"நீங்கதானே அதைப் பாக்கீய? ஒண்ணும் ஆகாதுன்னு உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் சம்மதிக்கேன்."

ஒரே வார்த்தை. சொல்லியிருந்தால் கல்யாணம் முடிவாகியிருக்கும். கருப்பசாமிக்கு மகள் மீது உயிர். ஆனாலும் அந்த வார்த்தை வரவில்லை.

"சுருங்கணும் ராஜம். கொஞ்சம் சுருங்கி, மேல வந்ததும் பழையபடி விரியுற இரும்புதான் நல்ல இரும்பு. தண்ணி எல்லாப் பக்கமும் ஒண்ணுபோல அமுக்கும். வட்டம் சரியா இருந்தா சுத்திச் சமமாத் தாங்கிக்கிடும். ஒரு இடம் தட்டையா இருந்தா அங்கனதான் மடங்கும்."

"அந்த ஒரு இடத்தை யாரு பாக்கா?"

"பம்பாய்ல அளக்காவ. இங்க நான் பாக்கேன். போன வருஷம் ஒரு வளையம், அனுமதிச்ச அளவுக்கு மேல ரெண்டு மில்லிமீட்டர் உள்வாங்கியிருந்துச்சு. கையெழுத்துப் போடல. ஆபீஸ்ல பெரியவர் கூப்பிட்டுக் கத்துனாரு. ரெண்டு மில்லிமீட்டர்தானே, ஆறு வாரம் வேலை நிக்குமேன்னாரு. நிக்கட்டும்னேன். திரும்பச் செஞ்சாவ."

"ரெண்டு மில்லிமீட்டர்னா எம்புட்டு?"

அவர் விரலைக் காட்டிப் பார்த்தார். அவ்வளவு சின்ன அளவு விரல்களுக்கிடையில் பிடிபடவில்லை. அஞ்சறைப் பெட்டியைத் திறந்து, ஒரே ஒரு கடுகை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். "இம்புட்டுதான்" என்றார்.

ராஜம் கையை வெளிச்சத்துக்கு நீட்டி அதைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. பிறகு அந்தக் கையை அப்படியே மூடிக்கொண்டு, முன்னறைக்குப் போய், மறு கையால் தினசரிக் காலண்டரின் தாள்களைத் தை மாதம் வரை தூக்கிப் பிடித்து, முகூர்த்த நாள் தேடத் தொடங்கினாள்.