வடிவாப் பாருங்கோ

லண்டனில் ஒரு பணக்காரர் துருக்கி சுல்தான்களின் அரண்மனையைப் போலக் கட்டிக்கொண்ட வீடு, இப்போது ஓவிய அருங்காட்சியகம். நடுக்கூடத்துச் சுவரெல்லாம் நீலப் பூ ஓடுகள். தரையோடு தரையாக ஒரு நீர்த்தொட்டி.

"அம்மாடி" என்று என்னை அறியாமல் சொல்லிவிடுகிறேன். காவலுக்கு நிற்பவர் திரும்புகிறார்.

"தமிழோ? வடிவாப் பாருங்கோ, அக்கா."

நான் மதுரைக்காரி. இலங்கைத் தமிழில் வடிவு என்றால் அழகு என்பது மட்டும் தெரியும். ரசிக்கச் சொல்கிறார் என்று அண்ணாந்தபடியே நடக்கிறேன். வலது கால் தொட்டிக்குள் இறங்குகிறது.

"ஐயோ, கவனமாப் பாருங்கோ எண்டெல்லோ சொன்னனான்."

"அழகைப் பார்க்கச் சொன்னீங்கன்னு நினைச்சேன், அண்ணே."

அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார். பிறகு தன் நாற்காலியை ஹீட்டர் பக்கம் இழுத்துப் போடுகிறார்.

"சப்பாத்து காயுமட்டும் இதில இருங்கோ. ஈரக்காலோட நடக்க ஏலாது, வழுக்கும்."

இந்தப் பயணத்தில் எல்லா இடத்தையும் ஓடி ஓடித்தான் பார்த்திருக்கிறேன். இப்போது நனைந்த ஷூவைக் கழற்றிக் காயவைத்துவிட்டு, வெறுங்காலோடு ஒரே சுவரின் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். சுகமாக இருக்கிறது. வரிசையில் ஒரே ஒரு ஓட்டில் மட்டும் பூ தலைகீழாக இருக்கிறது. அவரிடம் காட்டுகிறேன். கிட்டப் போய்ப் பார்த்துத் தலையாட்டுகிறார்.

"ஓம். இப்பதான் வடிவாப் பாக்கிறியள்."