மணலில் நிற்கிற ஜீப்

திருப்பருத்திக்குன்றத்து மல்லிநாதன் தன் கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு யோசித்ததில்லை. பழைய ஜீப் படுத்துவிட்டது. அடுத்து வாங்குகிற ஜீப் நான்கு சக்கரமும் இழுக்கிறதாக இருக்கவேண்டுமா, பின்சக்கரம் மட்டும் இழுத்தால் போதுமா?

வருடாவருடம் ஊர்ச் சமணக் குடும்பங்கள் வறண்ட பாலாற்றுக்கு அக்கரைத் தோப்பில் கூடாரம் போட்டுத் தங்கும். அண்டா, அடுப்பு, அரிசி ஏற்றிய டிரெய்லரை ஜீப்பில் கட்டி இழுத்துப்போவது மல்லிநாதன் வேலை. பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டாகவேண்டும். சாய்ந்தபின் யாரும் சோற்றைத் தொடமாட்டார்கள். போன வருடம் ஆற்று மணலில் வண்டி புதைந்து, உலை கொதிக்குமுன் இருட்டிவிட்டது. பிள்ளைகள்கூட வெறும் வயிற்றோடு படுத்தார்கள். ஒருவரும் அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

ஏனாத்தூர் மெக்கானிக் தர்மனிடம் இரண்டு விதத்திலும் ஜீப் விற்பனைக்கு இருந்தது.

"நாலு சக்கர வண்டி டீசலைக் குடிச்சுக்கினே இருக்கும்ணா. மணல்ல நிக்காம ஒரே அழுத்தா அழுத்து, ரெண்டு சக்கரமே தாராளம்."

"நிக்காம போனா போதுமா?"

"நின்னாத்தாண்ணா புதையும்."

டிரெய்லரில் தண்ணீர் டிரம்களை ஏற்றிப் பின்சக்கர ஜீப்பை ஓட்டிப் பார்த்தார்கள். தர்மன் பக்கத்தில், மல்லிநாதனின் மனைவி குணமாலா பின்சீட்டில். பாதி ஆறுவரை வண்டி ஜோராகப் போனது. திடீரென்று மல்லிநாதன் பிரேக்கை மிதித்தார். சக்கரம் மணலுக்குள் இறங்கியது.

"இன்னாண்ணா, ஏன் நின்ன?"

முந்தின நாள் மழைக்கு வெளியே வந்த சிவப்பு வெல்வெட் பூச்சிகள், குங்குமம் சிந்தினாற்போல் எதிரே ஊர்ந்துகொண்டிருந்தன.

"பூச்சிக்கா!" தர்மன் தலையில் கை வைத்தான்.

"போன வருஷம் நத்தை," என்றாள் குணமாலா. "எறும்பு போனாலே சைக்கிளைத் தூக்கிக்கினு தாண்டற மனுஷன். இவரைப் போய் நிக்காம போகச் சொல்றியே, நல்லா சொன்னேபா யோசனை!"

தர்மன் நடந்துபோய் நான்கு சக்கரமும் இழுக்கிற ஜீப்பைக் கொண்டுவந்தான். அது உறுமியபடி எல்லாவற்றையும் கரைக்கு இழுத்துப்போட்டது. மல்லிநாதன் அதற்குள் துண்டால் பூச்சிகளை ஓரமாக ஒதுக்கியிருந்தார். கண்ணை மூடிக்கொண்டு ஒரே அழுத்தாகப் போக இனிமேல் பழகமுடியுமா என்று தன்னையே கேட்டுப் பார்த்தார். அப்படிப் போய் ஆக்கிய சோறு தன் தொண்டையில் இறங்குமா?

"நாலு சக்கரத்தையே குடுத்துடுபா," என்றார்.

அந்த வருடம் டிரெய்லர் ஆற்று நடுவில் பலமுறை நின்றது. ஒவ்வொரு முறையும் அவர் இறங்கினார், குனிந்தார், ஏறினார். வண்டி உறுமிக்கொண்டு கிளம்பியது. பனைமரத் தலைகளில் வெயில் மிச்சமிருக்கும்போதே பந்தி முடிந்து, பரிமாறியவர்கள் உட்கார்ந்தார்கள். மல்லிநாதன் பிள்ளைகளின் நிறைந்த வயிறுகளைப் பார்த்துக்கொண்டு இலையை மறந்திருந்தார்.

குணமாலா சாம்பாரை ஊற்றினாள். "சீக்கிரம் சாப்பிடுங்க. சூரியன் உங்கள மாதிரி பிரேக் போட்டுக்கினு நிக்காது."